இருபத்தைந்து ஆண்டு உழைத்த 250 கிலோவாட் காற்றாலை: இன்று வாங்கலாமா?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தலைச் சுற்றியும், பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரத்திலும் 1990-களில் நிறுத்தப்பட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகள் இன்றும் ஏராளமாகச் சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றில் பல இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிவிட்டன. மின்கட்டணச் சுமையைக் குறைக்க வழி தேடும் சிறிய நூற்பாலை உரிமையாளர்களுக்கும் குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கும் தரகர்கள் முதலில் காட்டுவது இந்த வகை எந்திரத்தைத்தான். ஒரு நூற்பாலைக்குச் சொந்தமான காற்றாலைகளின் பராமரிப்பையும் கணக்கையும் நீண்ட காலம் கவனித்தவன் என்ற முறையில், வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்திரம் நல்ல எந்திரம்தான். ஆனால் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அது நிற்கும் இடத்துக் காற்றுக்கும் அதன் மின் இணைப்புக்கும் உரியது என்பதை மனத்தில் வைத்துப் பேரம் பேசத் தெரிந்தவர் மட்டுமே இதை வாங்கலாம்.

இந்த எந்திரங்கள் இங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் அவற்றின் தரம் புரியும். இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986-ல் தூத்துக்குடி, குஜராத்தின் ஓக்கா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி ஆகிய கடலோர இடங்களில் அரசின் செயல்விளக்கத் திட்டங்களாக அமைந்தன. அவற்றில் நின்றவை வெறும் 55 கிலோவாட் எந்திரங்கள். அவை ஓடிக் காட்டிய பிறகு, முதலாண்டிலேயே முழு மதிப்பையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளும் வருமான வரிச் சலுகையும், ஓரிடத்தில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை வேறோரிடத்து ஆலையில் பயன்படுத்திக்கொள்ளும் வீலிங் வசதியும் சேர்ந்து, 1990-களின் நடுவில் தனியார் முதலீட்டை இழுத்துவந்தன. டென்மார்க்கின் வெஸ்டாஸ், மைக்கான் போன்ற நிறுவனங்களின் தொழில்நுட்பத்தில் இங்கேயே தயாரித்தும் கோத்தும் விற்கப்பட்ட 225, 250 கிலோவாட் மாடல்கள்தான் அந்தக் காலத்தின் நம்பிக்கையான எந்திரங்கள். வரிச் சலுகைக்காகவே வாங்கியவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய எந்திரங்களையும், காற்றைப் பார்த்து இடம் தேர்ந்தவர்களுடைய எந்திரங்களையும் இன்றைக்கும் உற்பத்திக் கணக்கை வைத்தே பிரித்துச் சொல்லிவிடலாம்.

முதலில் எந்திரத்தைப் பார்ப்போம். சுமார் முப்பது மீட்டர் உயரக் கோபுரம். பெரும்பாலும் இரும்புக் கோணச் சட்டங்களைப் போல்ட் போட்டு இணைத்த லேட்டிஸ் டவர், சில இடங்களில் உருளை வடிவ டியூபுலர் டவர். மேலே 27 முதல் 30 மீட்டர் வரை விட்டமுள்ள மூன்று இறக்கைச் சுழலி நிமிடத்துக்கு 40 சுற்று அளவில் ஓடும். அந்தச் சுழற்சியைக் கியர்பாக்ஸ் பல மடங்காக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். பெரும்பாலான மாடல்களில் ஜெனரேட்டருக்கு இரண்டு வேகங்கள் உண்டு. காற்று மெலிந்திருக்கும்போது சிறிய சுருளில் ஓடி, காற்று ஏறியதும் பெரிய சுருளுக்குத் தானே மாறும். கோபுரத்தின் அடியில் நின்றால் அந்த மாற்றத்தைக் காதாலேயே அறியலாம். கன்ட்ரோலர் பெட்டிக்குள் கான்டாக்டர் என்னும் மின்சுவிட்ச் தட்டும் ஒலி கேட்டு, பிறகு கியர்பாக்ஸின் முனகல் ஒரு படி உயரும். நல்ல நிலையில் இருக்கும் எந்திரத்தில் இந்த மாற்றம் அதிர்வில்லாமல் நடக்கும். கோபுரமே குலுங்கினால், கியர்பாக்ஸையும் ஜெனரேட்டரையும் இணைக்கும் கப்ளிங்கிலோ, ஜெனரேட்டரை மின்கம்பியோடு மெல்ல இணைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டரிலோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

இந்தத் தலைமுறையில் இரண்டு குடும்பங்கள் உண்டு. வாங்குபவர் எது தம் முன் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஸ்டால் வகை: இறக்கை மையத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும், காற்று அளவுக்கு மீறும்போது இறக்கையின் வடிவமே ஏற்றுவிசையை இழந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும், ஆபத்து நேரத்தில் இறக்கையின் நுனி மட்டும் திரும்பிப் பிரேக்காகும். மற்றொன்று பிட்ச் வகை: முழு இறக்கையும் தன் அச்சில் திரும்பிக் காற்றுக்கு ஏற்பக் கோணத்தை மாற்றிக்கொள்ளும். 225 கிலோவாட் வெஸ்டாஸ் மாடல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுச் சீசனின் உச்சத்தில் பிட்ச் வகை தன் முழுத் திறனில் சீராக நிற்கும். ஸ்டால் வகை அந்த அளவைத் தாண்டி ஏறி, பிறகு சரியும். ஆனால் அசையும் பாகங்கள் குறைவு என்பதால் ஸ்டால் வகையின் பராமரிப்பு எளிது. எனக்குத் தெரிந்தவரை, கவனமான ஆபரேட்டர் கிடைக்கும் இடத்தில் பிட்ச் வகையும், அவர் கிடைக்காத இடத்தில் ஸ்டால் வகையும் நன்றாக உழைத்திருக்கின்றன.

வயதான எந்திரத்தில் முதலில் தேய்வது இறக்கையின் முன்விளிம்பு. முப்பந்தல் பக்கம் காற்றோடு மணலும் வரும். ஆண்டுக்கணக்கில் அது உரசி உரசி, கண்ணாடியிழையின் மேல்பூச்சைத் தின்று, உள்ளே இருக்கும் நார் தெரியும்படி செய்துவிடும். கீழிருந்து பைனாகுலரில் பார்த்தாலே முன்விளிம்பு சொரசொரப்பாக, கருத்த கோடுபோலத் தெரியும். அப்படிப்பட்ட இறக்கை ஒலியை அதிகமாக்குவதோடு உற்பத்தியையும் குறைக்கும். அடுத்தது கியர்பாக்ஸ். எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் விட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்தால், மின்னும் உலோகத் துகள் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி முறையான அறிக்கை வாங்குவது இன்னும் நல்லது. மூன்றாவது, கோபுர உச்சியில் கியர்பாக்ஸும் ஜெனரேட்டரும் அடங்கிய கூடான நாசெலைக் காற்றின் திசைக்குத் திருப்பும் யா அமைப்பு. அதன் பற்களில் ஒரு பகுதி மட்டும் தேய்ந்திருக்கும், ஏனென்றால் இந்தக் கணவாய்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்று மேற்கிலிருந்தே வருகிறது, நாசெலும் அந்தச் சில பற்களின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. லேட்டிஸ் டவரின் போல்ட்டுகளையும், அடித்தளத்தில் இரும்பு கான்கிரீட்டைச் சந்திக்கும் இடத்துத் துருவையும் பற்றி நான் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கட்டுமானம் தெரிந்த எவரும் அரை நாளில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இனி உற்பத்தி. 250 கிலோவாட் எந்திரம் ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 21.9 லட்சம் யூனிட் கிடைக்கும். காற்று அப்படி வீசாது. முழுத் திறனில் 20 சதவீதம் என்று கொண்டால் 4.38 லட்சம் யூனிட், 25 சதவீதம் என்றால் ஏறத்தாழ 5.5 லட்சம் யூனிட். நல்ல இடத்தில், நல்ல பராமரிப்பில் இருக்கும் எந்திரத்துக்கு இந்த வரம்பு நியாயமானது. இதற்கு மேல் தருகிறது என்று யாராவது சொன்னால், மின்வாரியம் மாதந்தோறும் தரும் உற்பத்திக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஒரு நல்ல ஆண்டின் கணக்கை மட்டும் காட்டி விலை பேசுவது இந்தச் சந்தையில் வழக்கமாகிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று ஓர் ஆண்டு வலுத்தும் மறு ஆண்டு மெலிந்தும் வீசக்கூடியது. ஆகவே ஐந்தாண்டுச் சராசரிக்குக் குறைந்து எதையும் அடிப்படையாகக் கொள்ளக் கூடாது.

காற்றில் இருக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். நொடிக்கு 6 மீட்டர் வேகம் 7 மீட்டராக உயர்ந்தால், வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆற்றலோ ஏறத்தாழ 60 சதவீதம் கூடிவிடுகிறது. ஒரே மாடல், ஒரே வயது, ஒரே பராமரிப்பு இருந்தும், ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் நிற்கும் எந்திரமும் அந்தப் பக்கம் நிற்கும் எந்திரமும் வேறுவேறு வருமானம் தருவதற்கு இதுவே காரணம். முன்னால் ஒரு தென்னந்தோப்பு வளர்ந்து நின்றாலோ, மேற்கே புதிதாக ஓர் உயரமான எந்திரம் வந்து காற்றை முன்கூட்டியே உறிஞ்சிக்கொண்டாலோ, முப்பது மீட்டர் உயரத்தில் நிற்கும் சுழலிக்கு அது உடனே உறைக்கும். இடத்தைப் பார்க்கப் போகும்போது எந்திரத்துக்கு முதுகைக் காட்டி மேற்கு நோக்கி நின்று, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை என்னென்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்வது எந்திரத்தின் மேல் ஏறிப் பார்ப்பதைவிட முக்கியமானது.

மின்சாரப் பக்கத்தில்தான் இந்தத் தலைமுறையின் உண்மையான பலவீனம் இருக்கிறது. இவற்றில் இருப்பது இண்டக்ஷன் ஜெனரேட்டர். மின்சாரம் கொடுக்கும்போதே, தன் காந்தப்புலத்துக்காகக் கம்பியிலிருந்து ரியாக்டிவ் பவரை இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். அவற்றில் சில செயலிழந்தாலும் எந்திரம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள்; மாதக் கணக்கில் ரியாக்டிவ் யூனிட்டுக்கான கட்டணம் ஏறிய பிறகே தெரியவரும். வாங்குவதற்கு முன் கடந்த ஓராண்டுக் கணக்கில் இந்த ஒரு வரியை மட்டும் தொடர்ந்து பார்த்தால், எந்திரத்தை வைத்திருந்தவர் எப்படிக் கவனித்தார் என்பது முழுவதும் வெளிப்பட்டுவிடும். தவிர, மின்தொகுப்பில் மின்னழுத்தம் நொடிப்பொழுது சரிந்தாலும் விலகிவிடாமல் தாங்கி நிற்கும் வசதி இன்றைய எந்திரங்களுக்குக் கட்டாயமாகிவிட்டது. பழைய எந்திரங்களில் அது இல்லை. எந்திரங்களைத் துணைமின் நிலையத்தோடு இணைக்கும் கம்பித்தடமான ஃபீடரில் சிறு தடங்கல் என்றால் வரிசையாக எல்லாம் நின்றுவிடும். ஒவ்வொரு தடவை இப்படி நிற்கும்போதும் சுமை சட்டென்று விடுபட்டு, பிரேக் பிடித்து, கியர்பாக்ஸ் அடி வாங்குகிறது. அடிக்கடி டிரிப் ஆகும் ஃபீடரில் இருந்த எந்திரத்தின் கியர்பாக்ஸ், அதே வயதுள்ள வேறோர் எந்திரத்தின் கியர்பாக்ஸைவிட மூத்தது என்றே கொள்ள வேண்டும்.

மின்தொகுப்பின் போதாமை தமிழ்நாட்டுக் காற்றாலைக்காரர்கள் நெடுங்காலம் சுமந்த பாரம். எந்திரங்கள் வந்த வேகத்துக்குத் துணைமின் நிலையங்களும் உயரழுத்தக் கம்பிகளும் வரவில்லை. 2012, 2013-ஆம் ஆண்டுகளை ஒட்டி, மாநிலமே மின்வெட்டில் தவித்த காலத்திலும், சீசன் உச்சத்தில் காற்றாலைகளை நிறுத்திவைக்கச் சொல்லும் நிலை இருந்தது. கயத்தாறு, கானார்பட்டி, தேனி மாவட்டத்துத் தப்பகுண்டு ஆகிய இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் வந்தபின் நிலைமை பெரிதும் சீரானது. எனினும் கடைசி மைலில், எந்திரத்திலிருந்து துணைமின் நிலையம் வரை செல்லும் ஃபீடரின் நிலையை ஒவ்வொருவரும் தனித்தனியாக விசாரித்தே தெரிந்துகொள்ள வேண்டும். துணைமின் நிலைய ஊழியர்களிடம் பொறுமையாகக் கேட்டால், எந்த ஃபீடரில் எத்தனை முறை தடங்கல் வருகிறது என்பதை அவர்கள் மறைப்பதில்லை.

இந்த எந்திரத்தின் விலையைத் தாங்கி நிற்பது பேங்கிங் என்னும் வசதி. காற்று வைகாசியில் கிளம்பிப் புரட்டாசியில் அடங்குகிறது. ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களில் வந்துவிடும். ஆலையோ பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது. சீசனில் மிஞ்சும் யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, ஏப்ரல் தொடங்கி அடுத்த மார்ச் வரை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கு ஒரு பங்கு யூனிட்டைக் கட்டணமாகக் கழித்துக்கொள்வார்கள். 2018 மார்ச் இறுதிக்குள் இயங்கத் தொடங்கிய எந்திரங்களுக்கு இருந்த இந்த 12 மாத வசதி, அதற்குப் பின் வந்தவற்றுக்கு அதே வடிவில் கிடைக்கவில்லை. ஒரு பழைய எந்திரம் புதியதைவிடக் குறைவாக உற்பத்தி செய்தாலும், அதன் ஒவ்வொரு யூனிட்டையும் ஆலைக்குத் தேவையான மாதத்தில் எடுத்துக்கொள்ள முடிவதால், அந்த யூனிட்டின் மதிப்பு, ஆலை மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய உயரழுத்த மின்கட்டணத்துக்கு இணையாகிவிடுகிறது. இந்தக் காரணத்தால்தான் இருபத்தைந்து ஆண்டு ஓடிய எந்திரத்துக்கு இன்றும் ஆள் இருக்கிறார்கள். மார்ச் முடிவில் எஞ்சும் யூனிட்டுக்கு முழு விலைக்குக் குறைந்த தொகையே கிடைக்கும் என்பதால், தம் ஆலையின் ஆண்டுத் தேவையைக் கணக்கிடாமல் இரண்டு மூன்று எந்திரங்களை வாங்கிச் சேர்ப்பவர்கள் நட்டப்படுகிறார்கள்.

பலர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ள நினைத்தால், 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகள் சொல்வதைக் கவனிக்க வேண்டும். பயன்படுத்துவோர் கையில் குறைந்தது 26 சதவீத உரிமைப் பங்கு இருக்க வேண்டும்; ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களே பயன்படுத்த வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் சொந்தப் பயன்பாடு என்ற தகுதி போய், கூடுதல் கட்டணம் விழும். ஒப்பந்தத்தில் இதற்கான பொறுப்பு யாருடையது என்று எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சண்டையிடும் கூட்டாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

பராமரிப்புச் சேவையைப் பற்றிச் சொல்லாமல் இந்த எந்திரத்தை மதிப்பிட முடியாது. மூல நிறுவனங்களில் பல இந்த மாடல்களைக் கைவிட்டுவிட்டன. ஆயினும் கோயம்புத்தூரிலும் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்திலும் இவற்றின் கியர், பேரிங், கன்ட்ரோலர் அட்டை வரை பழுது பார்க்கத் தெரிந்த பட்டறைகளும், இறக்கைக்கு ஒட்டுப்போடும் ஆட்களும் உருவாகிவிட்டார்கள். இது எளிய சாதனை இல்லை. ஒரு வளரும் நாட்டில் வெளியிலிருந்து வந்த தொழில்நுட்பத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்து, மூலத் தயாரிப்பாளர் விலகிய பிறகும் அதை ஓடவைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தொழிலாளர்களின் திறமையால்தான் இந்த எந்திரங்களுக்கு இன்னும் விலை இருக்கிறது. கயிறு கட்டிக்கொண்டு, சீசன் காற்றில் ஆடும் கோபுரத்தின் உச்சியில், எண்ணெய் வழியும் தளத்தில் நின்று அவர்கள் செய்யும் வேலைக்கு உரிய கூலியும் பாதுகாப்புக் கருவியும் கொடுக்காத ஒப்பந்ததாரரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். எந்திரம் ஆண்டில் 95 சதவீத நேரம் ஓடும் நிலையில் இருக்கும் என்று பராமரிப்பவர் உறுதி கொடுப்பார்; கேட்பதற்கு அது நல்ல எண்ணாகத் தோன்றும். மிச்சமுள்ள 5 சதவீதம் 438 மணி நேரம், அதாவது 18 நாள். அந்தப் பதினெட்டு நாளும் மார்கழியில் போனால் எவருக்கும் கவலையில்லை; ஆடி மாதத்தில் போனால், ஒப்பந்தத்தை ஓர் எழுத்தும் மீறாமலேயே, ஆண்டு வருமானத்தின் பெரிய துண்டு கரைந்துவிடும். எங்கள் எந்திரம் ஒன்று ஒரு ஜூலையில் யா மோட்டார் பழுதாகிப் பல நாள் நின்றபோது, பராமரிப்பு ஒப்பந்ததாரர் ஆண்டுச் சராசரியைக் காட்டி இழப்பீடு தர மறுத்துவிட்டார்; சட்டப்படி அவர் பக்கமே நியாயம் இருந்தது. மே முதல் செப்டம்பர் வரைக்கும் தனியாக ஒரு சதவீதத்தை எழுதி வாங்குவதும், உதிரிப் பாகங்களை ஏப்ரலுக்குள் எந்திரத்தின் அடியில் கொண்டுவந்து வைக்கச் சொல்வதும் பணம் கேட்காத பாதுகாப்பு.

இந்த எந்திரத்தை நாட்டின் காற்றாலை வளர்ச்சியோடு வைத்துப் பார்க்கும்போது மதிப்பீடு கடினமாகிறது. இந்தியாவின் காற்றாலை நிறுவுதிறன் 2025 மார்ச்சில் 50 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டியது. சீனா, அமெரிக்கா, ஜெர்மனிக்கு அடுத்த நான்காவது இடம். சீராக ஏறிய வளர்ச்சி இல்லை இது. 2012-ல் துரிதத் தேய்மானச் சலுகை எடுக்கப்பட்டதும் முதலீடு சரிந்தது; 2014-ல் அது திரும்பி வந்ததும் எழுந்தது. 2016-17-ல் ஒரே ஆண்டில் 5,500 மெகாவாட் சேர்ந்தது. நிலையான கொள்முதல் விலையைக் கைவிட்டு ஏலமுறைக்கு மாறிய அடுத்த ஆண்டில் 1,800 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. 2017 பிப்ரவரியில் யூனிட்டுக்கு 3.46 ரூபாயாக முடிந்த ஏல விலை, அதே ஆண்டு அக்டோபரில் 2.64-க்கும், டிசம்பரில் குஜராத்தில் 2.43-க்கும் இறங்கியது. அந்த விலையில் பெரிய நிறுவனங்கள் மட்டுமே தாக்குப்பிடித்தன. நூற்பாலைக்காரர் ஒருவர் தம் சேமிப்பைப் போட்டு ஓர் எந்திரம் நிறுத்திய காலம் அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டை நிறுவுதிறனில் குஜராத் முந்திவிட்டதும் இந்தத் திருப்பத்தின் விளைவுகளில் ஒன்று.

தேசிய காற்றாற்றல் நிறுவனம், சென்னை பள்ளிக்கரணையில் 1998 முதல் இயங்கிவரும் அமைப்பு, 150 மீட்டர் உயரத்தில் நாட்டின் வளம் 11 லட்சத்து 64 ஆயிரம் மெகாவாட் என்று கணித்திருக்கிறது. தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 95 ஆயிரம். முப்பது மீட்டர் எந்திரங்கள் இந்த வளத்தின் அடிவிளிம்பை மட்டுமே தொடுகின்றன. சமவெளிகளுக்குப் பொதுவாகப் பயன்படும் சூத்திரத்தின்படி, 30 மீட்டரிலிருந்து 140 மீட்டருக்கு உயர்ந்தால் காற்றின் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆகவே நாட்டின் மிகச் சிறந்த காற்றிடங்களை மிகப் பழைய, மிகக் குட்டையான எந்திரங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன, அவற்றை அகற்றிவிட்டுப் புதியவற்றை நிறுத்த வேண்டும் என்ற வாதம் வலுவானது. மத்திய அரசு 2016-லும், திருத்திய வடிவில் 2023 டிசம்பரிலும் இதற்குக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு அரசும் 2024-ல் தன் கொள்கையைத் தந்தது.

வாதம் வலுவாக இருந்தும் வேலை நகராததற்கு உரிமையாளர்களின் பிடிவாதம் காரணம் என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 28 மீட்டர் விட்டச் சுழலி வீசும் பரப்பு 616 சதுர மீட்டர். இன்றைய 144 மீட்டர் விட்டச் சுழலியின் பரப்பு 16,286 சதுர மீட்டர், அதாவது 26 மடங்கு. எந்திரங்களுக்கு இடையே ஒரு பக்கம் விட்டத்தைப் போல் 5 மடங்கும் மறுபக்கம் 7 மடங்கும் இடைவெளி வேண்டும் என்று நெடுங்காலம் பின்பற்றப்பட்ட விதியை எழுத்துப்படி பிடித்தால், பழைய எந்திரத்துக்கு 7 ஏக்கருக்கும் குறைவான இடம் போதும். புதியதற்கு ஏறத்தாழ 180 ஏக்கர் வேண்டும். ஆக, ஒரு புதிய எந்திரம் நிற்க இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பழைய எந்திரங்கள் வழிவிட வேண்டியிருக்கும். அத்தனைக்கும் தனித்தனி உரிமையாளர், தனித்தனிப் பட்டா, தனித்தனி மின் இணைப்பு எண், தனித்தனிப் பேங்கிங் கணக்கு. காற்று எப்போதும் மேற்கிலிருந்தே வரும் கணவாய்களில் பக்கவாட்டு இடைவெளியைக் கணிசமாகக் குறைக்கலாம் என்பது உண்மை. அப்படிக் குறைத்தாலும் பத்துப் பதினைந்து குடும்பங்களோ நிறுவனங்களோ ஒரே எந்திரத்தின் பங்காளிகளாக மாறியாக வேண்டும். மாறும்போது தம்முடைய 12 மாதப் பேங்கிங் தொடருமா என்பதே ஒவ்வொருவரின் முதல் கேள்வி. அதற்கு உறுதியான விடை இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை யாரும் கழற்றித் தர மாட்டார்கள். தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இதன் பொருள், இன்று 250 கிலோவாட் எந்திரம் வாங்குபவர் நாளை அமையப்போகும் ஒரு பெரிய எந்திரத்தின் சிறு பங்கையும் சேர்த்தே வாங்குகிறார். அந்தப் பங்குக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், நிலம் குத்தகையாக இல்லாமல் கிரயமாக இருக்க வேண்டும், பட்டாவும் பாதை உரிமையும் பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும், சுற்றியுள்ள உரிமையாளர்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். இவை மூன்றும் சரியாக இருந்து, ஐந்தாண்டுச் சராசரி 4 லட்சம் யூனிட்டுக்குக் குறையாமல் இருந்து, தம் ஆலைக்கே அத்தனை யூனிட்டும் தேவைப்பட்டால், இந்த எந்திரத்தைத் தயங்காமல் வாங்கலாம். ஆலை இல்லாமல், மின்வாரியத்துக்கு விற்று லாபம் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஏற்றதன்று. அவர்கள் கடன் வாங்கி இதில் இறங்கவே கூடாது. சூரிய மின்தகடு போட்டால் போதுமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: பகலில் மட்டும் ஓடும் ஆலைக்கு அது போதும், மூன்று ஷிப்டு ஓடும் நூற்பாலைக்கு, சீசனில் மாலையிலும் இரவிலும் வரும் காற்று மின்சாரம் தரும் துணையைச் சூரிய மின்சாரம் தர இயலாது.

விலை பேசும் நேரத்தை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்வது நல்லது. எந்திரம் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும் அந்த மாதங்களில் மேலே ஏறிக் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க விற்பவரும் மறுக்க மாட்டார், குறை தெரிந்தால் சீசனுக்கு முன் சரிசெய்யவும் அவகாசம் இருக்கும். நடப்பு நிதியாண்டில் பேங்கிங் கணக்கில் கிடக்கும் யூனிட்டுகள் யாருக்கு, பெயர் மாற்றம் முடியும் வரை வரும் உற்பத்தி யாருக்கு, பழைய ரியாக்டிவ் கட்டண நிலுவை இருந்தால் கட்ட வேண்டியவர் யார் என்ற மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம் மின்வாரிய அலுவலகத்தில் பதிவான நாளைக் குறிக்கும் ரசீது கைக்கு வந்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள்.